ஐந்தாவது சொல்

ஆற்றை நிறுத்திவிட்டார்களா என்று கேட்டாள் இர்யா,
பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு.
கீழே தம்மெர்கோஸ்கி
பாறைகளில் மோதி நுரை கக்கிக்கொண்டுதான் இருந்தது.
நான் சிரித்தேன். அது தப்பு.

தம்பெரேயின் பருத்தி ஆலையில் இருபத்தொன்பது வருடம்.
தறிகள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த கூடத்தில்
பெண்கள் உதட்டால்தான் பேசினார்கள்:
யாருக்குக் கல்யாணம், மேஸ்திரிக்கு யார்மேல் கண்,
எல்லாம் குரல் இல்லாமல்.
அவளை நான் முதன்முதலில் பார்த்தபோது
நடனக்கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து
என் வாயைப் படித்துக்கொண்டிருந்தாள்.
நண்பனிடம் அவளைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எப்போது குறையத் தொடங்கியதோ.
சவுனாவில் ஒரு சனிக்கிழமை,
சுடுகல்லில் நீர் சீறியது காதில் விழாமல்
இன்னோர் அகப்பை ஊற்றினாள், பிறகு இன்னொன்று.
தோல் உரிய உட்கார்ந்திருந்தேன்.
இதுதான் பொறுமை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

எங்கள் மொழியில்
தூலி என்றால் காற்று, துலி என்றால் தீ.
வெளியே தூலி என்றேன்.
அவள் அடுப்பைப் பார்க்க ஓடினாள்.
ஒரு மாத்திரை குறைந்தால் போதும், வீடு பற்றிக்கொள்ளும்.

பெரிய விஷயங்களைக் கத்திச் சொல்லலாம்.
டாக்டர் வெள்ளிக்கிழமை! வாடகை ஏறுது! ஓலவி போயிட்டான்!
சூப்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று
யாராவது கத்துவார்களா?
வேலிமேல் அணில்,
எதிர்வீட்டுக்காரனின் புதுத் தொப்பி,
முழங்கால் இன்றைக்குப் பரவாயில்லை.
மூன்று தரம் கத்தும் தகுதி எதற்கும் இல்லை.
என்ன என்பாள். ஒன்றுமில்லை என்பேன்.
அந்த ஒன்றுமில்லை மட்டும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.
வருடக்கணக்காக அதைத்தான் ஊட்டினேன்.

பிறகு தேதிகள் தவறின.
சாவிக்கொத்து குளிர்பெட்டியில், வெண்ணெய்க்குப் பக்கத்தில்.
ஒரே கதை ஒரே மாலையில் இரண்டு தரம்.
மகள் எனக்குத் தனியாகப் போன் செய்தாள்.
'அப்பா, அம்மாவுக்கு அது ஆரம்பிச்சிருக்கு.'
பெயர் சொல்லவில்லை. அது.

முகக்கவசம் போட்ட செவிலி ஐந்து சொல் சொன்னாள்.
இர்யா இரண்டைத் திருப்பிக் கொடுத்தாள்,
ஒன்றைத் தானே செய்து கொடுத்தாள்.
செவிலி தாளில் குறித்தாள், என்னைப் பார்த்தாள்.
'மாத்திரை இருக்கிறது. கொஞ்சம் மெதுவாக்கும்.'
எந்த மாத்திரை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.
'அதை இறக்குங்கள்' என்றேன்.
'எதை?'
'வாயில் இருக்கிற அந்தத் துணியை.'

துணி இறங்கியது.
இர்யா நிமிர்ந்தாள், தறிக்கு முன்னால் நிமிர்வது போல.
உதடு குவிந்து நிற்கும் நேரத்தை அளந்தாள்,
ஒருமுறைகூட இமைக்காமல்.
நான்கு சொற்கள் வந்தன,
வாத்துக் குஞ்சுகள் சாலையைக் கடக்கிற மாதிரி.
ஐந்தாவது வரவில்லை.
காத்திருந்தோம். வரவில்லை.

காது பார்க்கிற பையன் சொன்னான்:
கேட்பதற்கே மூளை சம்பளம் முழுவதையும் செலவழித்தால்
சேமிப்பில் என்ன போடும்?
போனது திரும்புமா என்றேன்.
கருவியின் பாட்டரியை மாற்றக் கற்றுக்கொடுத்தான்.

வீட்டில் அவள் முதலில் கேட்டது குளிர்பெட்டியை.
'இது எப்பவும் இப்படித்தான் முனகுமா?'
பிறகு என்னை.
'நீ மூச்சு விடறது இவ்வளவு சத்தமா?'
அரை மணி நேரம் காகிதப் பையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

சாவி இன்னும் தொலைகிறது. முன்னைவிடக் குறைவு,
அல்லது நான் குறைவாக எண்ணுகிறேன்.

நேற்று இரவு, கருவியைக் கழற்றும்முன் கேட்டாள்:
'அந்த அஞ்சாவது வார்த்தை என்ன?'
வாயைத் திறந்தேன்.
அன்று அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன்,
எல்லாம் கேட்கிற இரண்டு காதுகளோடு.
எங்கே தேடினாலும் வெறும் அலமாரி.
அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஒன்றுமில்லை என்று வந்துவிடும் போலிருந்தது.

'சூப்பில் உப்பு சரியா இருந்தது' என்றேன், சாதாரணக் குரலில்.

'ஓ, அதுவா' என்றாள் இர்யா.